இரகசியச் சகோதரச் சங்க உறுப்பினர்நிலையும் கிறித்தவ நம்பிக்கையும்: ஃபிரீமேசன் இயக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவர் ஒருவர் இரகசியச் சகோதரச் சங்கத்தில் உறுப்பினராகலாமா என்னும் வினா ஏறத்தாழ 300 ஆண்டுகளாகத் திருச்சபைகளுக்குள் விவாதிக்கப்பட்டு வருகிறது. ஃபிரீமேசன் இயக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்விவாதத்தில் முன்வைக்கப்பட்ட காரணங்களை மறைவு, சத்தியப்பிரமாணம், பொதுச் சமயம் என மூன்றாக இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. சங்கத்தின் இரகசியங்கள் வெளிப்பட்ட பின்னரும், சத்தியத்தின் கொடிய தண்டனைச் சொற்கள் நீக்கப்பட்ட பின்னரும் திருச்சபைகளின் எதிர்ப்பு முழுமையாக மறையவில்லை. எனவே சிக்கலின் மையம் மறைவில் இல்லை. கிறித்துவின் பெயரைத் தவிர்த்து அமைந்த சடங்கில் கிறித்தவர் பங்கேற்பதன் பொருள் யாது என்பதிலேயே அது உள்ளது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருச்சபைகளின் தீர்ப்புகள் வேறுபடுவதற்குச் சடங்கைப் பற்றிய அவற்றின் புரிதல் வேறுபடுவதே முதன்மைக் காரணம் என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ஃபிரீமேசன் இயக்கம், சகோதரச் சங்கம், சத்தியப்பிரமாணம், பொதுச் சமயம், திருச்சபைச் சட்டம், மனச்சாட்சி, சடங்கு.

முன்னுரை

கிறித்தவத் திருச்சபைக்கு வெளியே தோன்றித் திருச்சபையாரையே பெருமளவில் ஈர்த்த அமைப்புகளுள் ஃபிரீமேசன் இயக்கம் முதன்மையானது. அதன் தொடக்ககால விதிநூலைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். அதன் மூன்றாம் தலைவராக 1719இல் பொறுப்பேற்ற ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1945 முதல் 1961 வரை கேன்டர்பரிப் பேராயராக விளங்கிய ஜெஃப்ரி ஃபிஷர் அச்சங்கத்தின் உறுப்பினர். அதே சங்கத்தில் சேரும் கத்தோலிக்கர் பெரும் பாவநிலையில் உள்ளனர் என்றும் அவர்கள் நற்கருணை பெறலாகாது என்றும் 1983இல் உரோமைத் திருச்சபை மீண்டும் அறிவித்தது.

ஒரே நற்செய்தியை ஏற்கும் இரு திருச்சபைகளுள் ஒன்றில் பேராயருக்கு இசைவான உறுப்பினர்நிலை, மற்றொன்றில் எளிய நம்பிக்கையாளரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்கும் காரணமாகிறது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது. சங்கத்தின் இரகசியங்களைத் துருவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. திருச்சபைகள் கூறிய காரணங்களுள் எவை காலத்தால் வலுவிழந்தன, எவை எஞ்சி நிற்கின்றன என்பதைப் பிரித்தறிவதே இதன் நோக்கமாகும்.

1. சங்கத்தின் அமைப்பு

இடைக்காலக் கட்டடக் கொத்தர்களின் தொழிற்குழு மரபைத் தன் முன்வரலாறாகக் கொள்ளும் ஃபிரீமேசன் இயக்கம், 1717இல் இலண்டனில் நான்கு கிளைகள் ஒன்றிணைந்து தலைமைச் சங்கம் ஒன்றை நிறுவியதைத் தன் அமைப்புமுறைத் தொடக்கமாக மரபுவழியில் கூறுகிறது. 'லாட்ஜ்' எனப்படும் கிளையே அதன் அடிப்படை அலகு. 'கிராண்ட் லாட்ஜ்' என்பது கிளைகளை ஆளும் தலைமைச் சங்கம். உறுப்பினர் பயிற்சியாளர், தோழர், தலைமைக் கொத்தர் என்னும் மூன்று படிநிலைகளைக் கடக்கிறார். சாலொமோன் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பியாகச் சங்கம் கருதும் ஈராமின் கொலையை நடித்துக்காட்டும் சடங்கு மூன்றாம் படிநிலையில் இடம்பெறுகிறது. விவிலியத்தில் ஈராம் என்னும் கைவினைஞர் குறிப்பிடப்பட்டாலும், அவர் கொலையுண்ட செய்தி அங்கு இல்லை. அது சங்கத்தின் சொந்தப் புனைவாகும்.

புதிதாகச் சேர்பவர் கண்கள் கட்டப்பட்ட நிலையில் அழைத்துவரப்பட்டு, புனித நூலின்மீது கைவைத்துச் சத்தியம் செய்கிறார். அருகே கொத்தரின் மூலைமட்டமும் கவராயமும் வைக்கப்பட்டிருக்கும். கூட்டங்களில் தொடக்க வேண்டுதலும் இறுதி வேண்டுதலும் உண்டு. சமயத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் வாதிடுதல் கிளைக்குள் தடைசெய்யப்பட்டுள்ளது. இங்கிலாந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜின் நெறியைப் பின்பற்றும் கிளைகள் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன. இறைநம்பிக்கை உறுப்பினர்க்குரிய இன்றியமையாத் தகுதியாகும்.

2. மறைவு என்னும் குற்றச்சாட்டு

இரகசியச் சங்கங்களுக்கு எதிராக முதலில் எழுவது மறைவு பற்றிய ஐயமே. தாம் மறைவில் எதையும் பேசவில்லை எனத் தலைமைக் குருவின் முன்னிலையில் இயேசு கூறியதாக யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. இப்பகுதியைச் சங்க எதிர்ப்பாளர்கள் பெரிதும் எடுத்தாள்வர். ஆயினும் மறைவு எல்லாவற்றையும் கிறித்தவம் கண்டிப்பதாகக் கூற இயலாது. தருமமும் செபமும் நோன்பும் மறைவில் செய்யப்பட வேண்டும் என்பது மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தின் போதனை.

மேலும், கிறித்தவமே ஒருகாலத்தில் இக்குற்றச்சாட்டுக்கு ஆளான சமயமாகும். கி.பி. 112 அளவில் பித்தினியா மாநிலத்தை ஆண்ட இளைய பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் கிறித்தவர்கள் குறித்த நாளில் விடியலுக்கு முன் கூடுவதையும், சத்தியத்தால் தம்மைப் பிணைத்துக்கொள்வதையும் விவரிக்கிறார். களவு, விபசாரம், நம்பிக்கைத் துரோகம் போன்றவற்றைச் செய்வதில்லை என்பதே அச்சத்தியம் எனவும் அவர் விசாரணையில் அறிந்தார். சங்கங்களைத் தடைசெய்த பேரரசின் ஆணைக்கு இணங்க அவர்கள் பொது விருந்துக் கூட்டத்தைக் கைவிட்டனர் என்பதும் அக்கடிதத்தில் உள்ளது.

1751இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஃபிரீமேசன் சங்கத்தைத் தடைசெய்து வெளியிட்ட ஆணைமடல், அரசின் இசைவற்ற சங்கங்களை உரோமைச் சட்டமும் ஏற்கவில்லை என்பதற்குப் பிளினியின் அதே கடிதத்தைச் சான்றாகக் காட்டுகிறது. கிறித்தவர்களை ஐயுற்ற ஆளுநரின் கடிதமே, கிறித்தவத் தலைமை பிறரை ஐயுறுவதற்குச் சான்றாயிற்று. மறைவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அது தொடக்கத் திருச்சபையையும் தாக்கும் என்பதை இது காட்டுகிறது.

நான்காம் நூற்றாண்டுத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறாதோர் நற்கருணை வழிபாட்டுக்கு முன் வெளியே அனுப்பப்பட்டனர். திருவருட்சாதனங்களின் விளக்கம் திருமுழுக்குக்குப் பின்னரே அளிக்கப்பட்டது. எனவே படிப்படியாக மறைபொருளை உணர்த்தும் முறையும் கிறித்தவத்துக்கு அயலானதன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திருமுழுக்கை விரும்பிய அடிமையும் பெண்ணும் ஏழையும் அம்மறைபொருளுக்குள் அழைக்கப்பட்டனர். அனைவர்க்கும் அறிவிக்கப்பட வேண்டியது என்னும் நோக்கம் அதற்குள் இருந்தது. சகோதரச் சங்கத்தின் மறைவோ தேர்ந்தெடுக்கப்பட்டோரை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கே பயன்பட்டது.

இரகசியம் உண்மையில் நெடுங்காலம் காக்கப்படவும் இல்லை. 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் இலண்டனில் வெளியிட்ட நூல் மூன்று படிநிலைகளின் சடங்குகளையும் அச்சில் வெளிப்படுத்திவிட்டது. அதன் பின்னர் இத்தகைய நூல்கள் பல வந்தன. உள்ளடக்கம் பொதுவெளியில் கிடைத்த பின்னரும் எதிர்ப்பு நீடித்தது என்பதே, மறைவு இச்சிக்கலின் அடித்தளம் அன்று என்பதற்குச் சான்றாகும்.

3. சத்தியப்பிரமாணம்

இரண்டாவது காரணம் சத்தியம். மத்தேயு 5ஆம் அதிகாரமும் யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரமும் சத்தியம் செய்வதையே விலக்குகின்றன. குவேக்கர்களும் மெனனைட்டுகளும் இதனை நேர்ப்பொருளில் ஏற்று எவ்வகைச் சத்தியமும் செய்வதில்லை. பெரும்பாலான திருச்சபைகள் வீணான சத்தியத்தை மட்டுமே இப்பகுதிகள் தடுப்பதாகக் கொள்கின்றன. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் இறுதிக் கோட்பாடு, நீதியான காரியத்துக்காக ஆட்சியாளர் கேட்கும்போது சத்தியம் செய்யலாம் என இசைவளிக்கிறது. இதனால் எழும் வினா தெளிவானது: அரசோ நீதிமன்றமோ அல்லாத ஒரு தனியார் சங்கம் இறைவன் பெயரால் சத்தியம் கேட்க உரிமையுடையதா?

இதனுடன் மற்றொரு சிக்கலும் இணைகிறது. சேர்பவர், தாம் காக்கவேண்டிய இரகசியம் இன்னதென அறியாமலே சத்தியம் செய்கிறார். பொருள் அறியாது வாய்தவறிச் செய்யும் சத்தியத்தைக் குற்றமாகக் கருதும் லேவியராகமம் 5ஆம் அதிகாரப் பகுதியைச் சீர்திருத்தச் சபையினர் இதற்கு எதிராகக் காட்டினர். ஸ்காட்லாந்தில் பிரிந்து நின்ற அசோசியேட் சினாடு என்னும் பிரெஸ்பிட்டேரியன் பேரவை 1757இல் ஃபிரீமேசன் சத்தியத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. அயர்லாந்தின் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓகானல் சங்கத்தில் இருந்து விலகியவர். தேவையற்ற சத்தியங்களில் இறைவனின் பெயர் வீணாக்கப்படுவதையே அவர் தம் முதன்மை மறுப்பாக 1837இல் வெளிப்படுத்தினார்.

பழைய சத்திய வாசகங்களில், இரகசியத்தை வெளியிடுவோர் கழுத்தறுபட்டுச் சாவது போன்ற தண்டனைகள் கூறப்பட்டிருந்தன. அவை குறியீட்டு வழக்கே எனச் சங்கத்தார் விளக்கினர். நிறைவேற்றும் எண்ணமில்லாத தண்டனையை இறைவன் முன்னிலையில் கூறுவது வீண்சொல்லாகும். எண்ணம் இருப்பின் அது குற்றமாகும் என்பது எதிர்ப்பாளர் வாதம். இங்கிலாந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 1986இல் அத்தண்டனைச் சொற்களைச் சத்தியத்திலிருந்து நீக்கியது. திருச்சபையாரின் விமர்சனம் சங்கத்துக்குள் மாற்றத்தை விளைவிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால் மறுப்பின் ஒரு பகுதியே இதனால் தீர்ந்தது.

4. பொதுச் சமயம்

மூன்றாவதும் ஆழமானதுமான காரணம், 1723இல் வெளிவந்த ஆண்டர்சனின் விதிநூலில் தொடங்குகிறது. முற்காலத்தில் கொத்தர்கள் தத்தம் நாட்டுச் சமயத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டிருந்தனர் எனவும், இனி எல்லா மனிதரும் உடன்படும் சமயத்தை மட்டும் ஏற்று, தனிப்பட்ட கருத்துகளைத் தம்மளவில் வைத்துக்கொள்வதே தகும் எனவும் அந்நூலின் முதல் விதி வகுத்தது. நாத்திகர்க்கு அதில் இடமில்லை.

இவ்விதியின் காலச்சூழல் கருதத்தக்கது. சமயத்தின் பெயரால் உள்நாட்டுப் போரையும் அரசக் கவிழ்ப்பையும் கண்ட இங்கிலாந்தில், ஆங்கிலிக்கரும் பிரிவினைச் சபையினரும் ஒரே மேசையில் அமர வழிதேடிய முயற்சி அது. டெசாகுலியே, பிரான்சின் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பிய ஹூகெநாட் குடும்பத்தில் பிறந்தவர். இவ்வகையில் பொதுச் சமயம் என்னும் கருத்து பகைமையைத் தணிக்க எழுந்த ஏற்பாடாகும். அதன் பயனை மறுக்க இயலாது.

எனினும் அவ்வேற்பாடு கிறித்தவருக்கு ஒரு விலையை வைத்தது. 1813இல் இரு எதிர்த் தலைமைச் சங்கங்கள் இணைந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் உருவானபின், சடங்கு வாசகங்களில் எஞ்சியிருந்த கிறித்தவக் குறிப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. இறைவன் 'பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி' எனச் சுட்டப்பட்டார். யூதரும் இசுலாமியரும் தயக்கமின்றிப் பங்கேற்பதற்கு இது தேவைப்பட்டது. ஆனால் தந்தையிடம் செல்லும் வழி கிறித்துவே என நம்பும் ஒருவர், அவர் பெயரைச் சொல்லாமல் வேண்டும் ஒழுங்குக்கு உடன்படுவது எப்படி என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

பொதுச் சமயம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா என்பதும் ஐயத்திற்குரியது. பிரஷ்யாவின் தலைமைச் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர்களை விலக்கின. வங்காளத்தில் இந்து ஒருவர் உறுப்பினராவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பல தெய்வ வழிபாட்டினர் ஒரே இறைவன்மீதான நம்பிக்கையை எவ்வாறு அறிக்கையிட முடியும் என வினவப்பட்டது. பல்லாண்டு முயற்சிக்குப் பின் பிரசன்னகுமார் தத் 1872இல் கல்கத்தாவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். எல்லா மனிதரும் உடன்படும் சமயத்துக்கும் எல்லை வரைய வேண்டியிருந்தது. எல்லை வரையப்பட்டபோது அதற்கெனக் கோட்பாடு ஒன்றும் உருவாயிற்று.

இதன் மறுமுனையைப் பிரான்சில் காணலாம். பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் 1877இல் இறைவன், ஆன்மாவின் அழியாமை ஆகியவற்றிலான நம்பிக்கையைக் கட்டாயத் தகுதியிலிருந்து நீக்கியது. அதற்கான அறிக்கையை முன்வைத்த ஃபிரெடெரிக் டெமோன் ஒரு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் என்பது நோக்கத்தக்கது. மனச்சாட்சியின் முழுச் சுதந்திரமே அவரது அடிப்படை. ஆங்கிலேயச் சங்கம் இதனை ஏற்காது உறவைத் துண்டித்தது. ஆகவே 'ஃபிரீமேசன்' என்னும் ஒரே பெயருக்குள் இறைநம்பிக்கையைக் கட்டாயமாக்கும் மரபும் ஆக்காத மரபும் உள்ளன. இவ்வேறுபாட்டைக் கருதாத தீர்ப்பு முழுமை பெறாது.

5. கத்தோலிக்கத் திருச்சபையின் தீர்ப்பு

1738 ஏப்ரல் 28 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் வெளியிட்ட ஆணைமடல் சங்க உறுப்பினர்களுக்குச் சபைநீக்கத் தண்டனை விதித்தது. பல சமயத்தார் ஒன்றுகூடுதல், மறைவு, கடும் சத்தியம் ஆகியன அதில் காட்டப்பட்ட காரணங்கள். பாரிஸ் நீதிப்பேரவை அம்மடலைப் பதிவுசெய்யாமையால் பிரான்சில் அதற்குச் சட்ட வலு ஏற்படவில்லை. அங்குக் குருக்கள் உட்படக் கத்தோலிக்கர் பலர் உறுப்பினராயிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலிய ஒருங்கிணைப்பும், 1870இல் உரோமை நகரம் திருத்தந்தையின் ஆட்சியிலிருந்து அகன்றதும் எதிர்ப்பைக் கூர்மையாக்கின. 1884இல் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், திருச்சபைக்கு எதிரான சூழ்ச்சியைக் கண்டித்ததுடன், இறைவெளிப்பாட்டைப் புறக்கணித்து மனித இயற்கையையும் பகுத்தறிவையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் கொள்கையைச் சங்கத்தின் அடிப்படையாக அடையாளம் கண்டது. அரசியல் குற்றச்சாட்டும் இறையியல் குற்றச்சாட்டும் அதில் இணைந்துள்ளன. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 2335ஆம் விதி, சேர்ந்த அளவிலேயே தானாக விளையும் சபைநீக்கத்தை உறுதிசெய்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நிலைமை மாறக்கூடும் என எதிர்பார்க்கப்பட்டது. செருமனியில் 1974 முதல் 1980 வரை ஆயர் பேரவையும் ஃபிரீமேசன் தலைமைச் சங்கங்களும் உரையாடின. முதல் மூன்று படிநிலைகளின் சடங்கு வாசகங்களை ஆராய்ந்த ஆயர்கள், இரு உறுப்பினர்நிலைகளும் பொருந்தா என 1980இல் அறிவித்தனர். உண்மை, இறைவன், வெளிப்பாடு ஆகியன பற்றிய புரிதல் வேறுபாடே அவர்கள் கூறிய காரணம். சூழ்ச்சிக் குற்றச்சாட்டு அத்தீர்ப்புக்கு அடிப்படையாகவில்லை.

புதிய சட்டத் தொகுப்பு 1983 நவம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 1374ஆம் விதி திருச்சபைக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யும் சங்கங்களைப் பொதுவாகக் குறித்ததே தவிர, ஃபிரீமேசன் பெயரைக் குறிக்கவில்லை. சூழ்ச்சி செய்யாத கிளையில் சேரலாமோ என்னும் ஐயத்துக்கு இது இடமளித்தது. தொகுப்பு நடைமுறைக்கு வருவதற்கு முதல்நாள், நவம்பர் 26 அன்று, கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்துடனும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் ஒப்புதலுடனும் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயத்தின் அறிவிக்கை வெளிவந்தது. திருச்சபையின் எதிர்மறைத் தீர்ப்பு மாறவில்லை. உறுப்பினராவோர் நற்கருணையை அணுகலாகாது. தலத் திருச்சபை அதிகாரிகள் இதனைத் தளர்த்த இயலாது என்பன அதன் சாரம். தானாக விளையும் சபைநீக்கம் நீங்கியது. பாவநிலை பற்றிய தீர்ப்பு நீடித்தது. பிலிப்பீன்சின் துமகெத்தே மறைமாவட்ட ஆயர் எழுப்பிய வினாவுக்கு 2023 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலுடன் அளிக்கப்பட்ட மறுமொழியும் இதனையே உறுதிப்படுத்தியது.

இவ்வரலாற்றில் ஒரு நகர்வு புலனாகிறது. மறைவும் சூழ்ச்சியும் முதன்மை பெற்ற பழைய ஆணைகளிலிருந்து, கொள்கைப் பொருத்தமின்மையை மையமாகக் கொண்ட தீர்ப்புக்குத் திருச்சபை வந்து சேர்ந்துள்ளது. தனிப்பட்ட உறுப்பினரின் நல்லெண்ணம் இத்தீர்ப்பை மாற்றுவதில்லை.

6. சீர்திருத்தத் திருச்சபைகளும் மரபுவழித் திருச்சபையும்

சீர்திருத்தத் திருச்சபைகளிடையே ஒருமித்த முடிவு இல்லை. அமெரிக்காவின் மிசௌரி சினாடு லூத்தரன் திருச்சபை இத்தகைய சங்கங்களை நெடுங்காலமாக எதிர்த்து வருகிறது. மனிதன் தன் நல்லொழுக்கத்தால் தன்னைச் செதுக்கி மேன்மையுறலாம் என்னும் சங்கக் குறியீடு, அருளாலேயே மீட்பு என்னும் நற்செய்திக்கு முரணானது என்பதே அதன் அடிப்படை. கிரேக்க மரபுவழித் திருச்சபை 1933இல் ஃபிரீமேசன் இயக்கத்தைப் பழம் மறைசமயங்களை ஒத்த ஒரு சமய அமைப்பாகக் கருதிக் கண்டித்தது.

இங்கிலாந்தில் விவாதம் உள்ளிருந்தே எழுந்தது. ஆங்கிலிக்கன் குருவான வால்டன் ஹன்னா 1951இல் எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு சடங்கு வாசகங்களுடன் வெளியிட்ட நூலும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. மன்னர் ஆறாம் ஜார்ஜும் பேராயர் ஃபிஷரும் உறுப்பினராயிருந்த காலத்தில் திருச்சபைப் பேரவை இதனை விசாரிக்க முன்வரவில்லை. ஹன்னா பின்னர்க் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்.

மெதடிஸ்ட் திருச்சபையின் மாநாடு 1985இல் தன் மக்கள் இச்சங்கத்தில் சேர்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. 1987இல் ஆங்கிலிக்கன் பொதுப்பேரவை ஏற்ற அறிக்கை, பொருத்தம் குறித்து அடிப்படையான ஐயங்கள் உள்ளன என்றது. அவ்வறிக்கையை உருவாக்கிய குழுவில் ஃபிரீமேசன்களும் இடம்பெற்றிருந்தனர். ராயல் ஆர்ச் என்னும் மேற்படிநிலைச் சடங்கில் இறைவனுக்கு வழங்கிய கூட்டுப்பெயர் ஒன்று குறிப்பாகக் கண்டிக்கப்பட்டது. யாவே என்னும் பெயருடன் வேற்றுத் தெய்வப் பெயர்கள் இணைக்கப்பட்டதாகக் கருதப்பட்டமையே காரணம். சங்கத்தார் 1989இல் அச்சொல்லைக் கைவிட்டனர். எனினும் பேரவை உறுப்பினர்நிலையைத் தடைசெய்யவில்லை. அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடும் 1993இல் சில கூறுகள் கிறித்தவத்துடன் பொருந்தும் என்றும் சில பொருந்தா என்றும் கண்டு, முடிவைத் தனிமனிதர் மனச்சாட்சிக்கு விட்டது.

7. சங்கத்தாரின் மறுமொழி

உறுப்பினரான கிறித்தவர்கள் கூறும் மறுமொழியும் எடைபோடத் தக்கது. சங்கம் சமயமன்று, அதற்கு மீட்புக் கோட்பாடோ திருவருட்சாதனமோ இல்லை, 'மாபெரும் சிற்பி' என்பது தனித் தெய்வத்தின் பெயரன்று, ஒவ்வொருவரும் தம் இறைவனை எண்ணிக்கொள்வதற்கான பொதுச்சொல், நாடாளுமன்றத்திலும் பள்ளியிலும் பல சமயத்தார் கூடி வேண்டுவது போன்றதே இதுவும் என்பர். சுவீடன் முறையைப் பின்பற்றும் வட ஐரோப்பியச் சங்கங்கள் கிறித்தவ நம்பிக்கையையே தகுதியாகக் கோருகின்றன என்பதும் அவர்கள் காட்டும் சான்று.

வரலாற்றில் இச்சகோதரத்துவம் சிலர்க்கு மானத்தின் புகலிடமாகவும் இருந்தது. கறுப்பினத்தவரான பிரின்ஸ் ஹால் 1775இல் பாஸ்டனில் அயர்லாந்துப் படைவீரர் கிளை ஒன்றில் சேர்க்கப்பட்டார். வெள்ளையரின் அமெரிக்கச் சங்கங்கள் கறுப்பினத்தவரை ஏற்காத நிலையில் அவர் இலண்டனிடம் தனி உரிமைப் பட்டயம் பெற்றார். பிலடெல்பியாவில் 1797இல் அமைந்த ஆப்பிரிக்கக் கிளையின் முதல் தலைவர் அப்சலோம் ஜோன்ஸ். அவர் பின்னர் எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவிய ரிச்சர்ட் ஆலனும் அக்கிளையைச் சார்ந்தவர். வெள்ளையர் கோயிலில் சமமாக அமர இடம் மறுக்கப்பட்டோர்க்குத் திருச்சபையும் சகோதரச் சங்கமும் ஒருங்கே எழுப்பவேண்டிய இல்லங்களாயின. திருச்சபை தன் சகோதரத்துவத்தில் தவறிய இடத்தில் மற்றொரு சகோதரத்துவம் வேர்கொண்டது என்பதைக் கண்டனம் எழுதுவோர் கருதவேண்டும்.

சான்றுகளின் நம்பகத்தன்மையும் இங்குக் குறிக்கத்தக்கது. லியோ டாக்சில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1885 முதல் ஃபிரீமேசன்கள் சாத்தானை வழிபடுவதாகப் பல நூல்கள் எழுதினார். 1897 ஏப்ரலில் பாரிசில் கூட்டம் கூட்டி, அவை அனைத்தும் தம் கற்பனையே என அறிவித்தார். அப்புனைவுகளின் எதிரொலி இன்றும் சில துண்டறிக்கைகளில் தொடர்கிறது. யூதரையும் ஃபிரீமேசன்களையும் ஒரே சூழ்ச்சியின் இரு முகங்களாகக் காட்டிய எழுத்துகள் நாட்சிக் கொடுமைக்குத் துணைபோயின. பொருத்தமின்மையை நிறுவ விரும்பும் கிறித்தவர்க்கும் பொய்ச்சான்று கூறாதிருக்கும் கட்டளை உண்டு.

8. இந்தியச் சூழல்

சென்னையில் 1752இல் முதல் கிளை தொடங்கியது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். இந்தியரை ஏற்ற மிகத் தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று. இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் 1961இல் அமைந்தது.

இந்தியக் கிளைகளில் விவிலியத்துடன் பகவத்கீதை, குர்ஆன், செந்த் அவெஸ்தா, குரு கிரந்த சாகிப் ஆகியன சேர்த்து வைக்கப்படும் வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் புனித நூலின்மீது சத்தியம் செய்கின்றனர். இங்கிலாந்தில் மறைமுகமாயிருந்த இறையியல் வினா இங்குக் கண்முன் நிற்கும் காட்சியாகிறது. பல சமயத்தார் அருகருகே வாழும் நாட்டில் இது நல்லிணக்கத்தின் அடையாளம் என ஒரு தரப்பினர் கருதலாம். விவிலியம் பல நூல்களுள் ஒன்றாக நிகர்நிலையில் வைக்கப்படுவதால் அதன் தனித்தன்மை அச்சடங்கில் மறுக்கப்படுகிறது என மறுதரப்பினர் கருதலாம். பிற சமயத்தாருடன் நட்புறவு கொள்வதும், அனைத்துச் சமயங்களும் ஒரே தளத்தில் நிறுத்தப்படும் சடங்கில் பங்கேற்பதும் ஒன்றா என்பதே இங்குத் தீர்மானிக்கப்பட வேண்டியது.

9. தீர்ப்புகள் வேறுபடுவதன் காரணம்

மேற்கண்ட மூன்று காரணங்களுள் மறைவு அச்சேறிய நூல்களால் பெருமளவு தீர்ந்தது. சத்தியத்தின் கொடுமை 1986இல் குறைந்தது. பொதுச் சமயம் பற்றிய வினா மட்டும் முழுமையாக எஞ்சி நிற்கிறது. அதற்கான விடை, சடங்கு என்பது மனிதனில் என்ன செய்கிறது என்னும் முன்முடிபைச் சார்ந்தது.

கத்தோலிக்க மரபிலும் மரபுவழித் திருச்சபையிலும் சடங்கு நம்பிக்கையை உருவாக்கும் செயல்; வேண்டும் முறையே நம்பும் முறையை வடிவமைக்கும் என்பது தொன்மையான கோட்பாடு. ஆகவே கிறித்துவை விலக்கி அமைந்த சடங்கு, பங்கேற்பவரின் எண்ணம் எதுவாயினும், காலப்போக்கில் அவர் நம்பிக்கையை வேறு வடிவில் வார்க்கும் என அவை அஞ்சுகின்றன. தடை பொதுவிதியாக அமைவதற்கு இதுவே காரணம். ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் திருச்சபைகளின் தீர்ப்புகளிலோ தனிமனிதர் அறிக்கையிடும் நம்பிக்கையும் மனச்சாட்சியும் முதன்மை பெறுகின்றன; சங்கச் சடங்கை ஒழுக்கப் பாடம் கற்பிக்கும் நாடகமாகக் காண அங்கு இடமுண்டு. லூத்தரன் மரபின் கண்டிப்பு மூன்றாவதொரு வழியில், அருளைப் பற்றிய கோட்பாட்டிலிருந்து பிறக்கிறது.

முடிவுரை

இரகசியச் சகோதரச் சங்கமும் கிறித்தவமும் பொருந்துமா என்னும் வினாவுக்கு எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான விடை இல்லை. கத்தோலிக்கருக்குத் திருச்சபையின் விடை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் நம்பிக்கையாளர்க்கு அது எச்சரிக்கையுடன் கூடிய மனச்சாட்சித் தேர்வாக உள்ளது. இரு தரப்பிலும் மறைவு என்பது விவாதத்தின் வாயிலே தவிர அதன் மையம் அன்று.

சங்கம் தன்னைச் சமயமன்று எனக் கூறுவதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. வேண்டுதலும் புனித நூலும் சத்தியமும் மரணத்தைப் பற்றிய நாடகமும் கொண்ட ஒழுங்கு சமயத்தின் தொழிலைச் செய்கிறதா என்பது ஆராயப்படவேண்டும். அதுபோல, திருச்சபை தன்னைச் சகோதரத்துவம் எனக் கூறுவதாலும் சிக்கல் தீர்வதில்லை. பிலடெல்பியாவின் வரலாறு அதற்குச் சான்று. இச்சங்கங்களின் சடங்கு வாசகங்களையும் திருச்சபை அறிக்கைகளையும் ஒப்பிட்டு நோக்கும் ஆய்வுகள், குறிப்பாகப் பல புனித நூல்கள் ஒருங்கே வைக்கப்படும் இந்தியக் கிளைகளை முன்வைத்த ஆய்வுகள், தமிழில் மேலும் நிகழ்த்தப்படுதல் வேண்டும்.